பெருமணல் உலகின் செடிகொடிகள்: நெய்தற் பாடல்களும் மணல்மேட்டுப் பாதுகாப்பும்

தொல்காப்பிய அகத்திணையியல் நானிலங்களுக்குப் பெயரிடும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. முல்லை காட்டால் பெயர் பெறுகிறது. குறிஞ்சி மலையால் பெயர் பெறுகிறது. மருதம் நீரால் பெயர் பெறுகிறது. நெய்தலுக்கு வரும்போது, நீரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைய வாசகர் எதிர்பார்ப்பர். ஆனால் வருணனுக்கு உரியதாகத் தொல்காப்பியர் கூறும் நிலம் கடல் அன்று, பெருமணல் உலகம். நீர் என்னும் அடையாளம் வயல்நாட்டிற்குச் சென்றுவிட, கடற்கரை நாடு மணலால் அறியப்படுகிறது. இப்பெயரீடு உரிய கவனத்தைப் பெறவில்லை என்றே கூறவேண்டும்.

பொதுவாகப் 13ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் நம்பியகப்பொருளில் நிலை மாறிவிடுகிறது. அந்நூல் வரை, சுரம், புறவு, பழனம், திரை என ஐந்தையும் அவற்றைச் சார்ந்த இடங்களையும் நிலமாகக் கொள்கிறது. மணல் இருந்த இடத்தில் திரை வந்து அமர்ந்தது. மணல் அதன் சார்பிடமாயிற்று. பள்ளிப் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவரும் ‘கடலும் கடல் சார்ந்த இடமும்’ என்ற வாய்பாடு இவ்வழியில் வந்ததே. ஒரு நிலத்தின் உடலாக இருந்த ஒன்று அதன் ஓரமாகிப் போன வரலாறு இதில் அடங்கியுள்ளது. இலக்கண நூல்கள் வாழும் நிலத்தை மாற்றுவதில்லை. ஆயினும் படித்தவர் அந்நிலத்தைப் பார்க்கும் பார்வையை மாற்றுகின்றன. வருவாய்த் துறையின் ஏடுகளில் கடற்கரை மணல்மேடு தரிசாகவும் புறம்போக்காகவும் எழுதப்பட்டபோது, அது தரிசு அன்று, தனக்கெனச் செடிகொடிகளும் உயிர்களும் உடைய ஓர் உலகம் என்று மறுத்துச் சொல்லும் சொல் தமிழ் படித்தோரிடம் இருந்திருக்க வேண்டும். அச்சொல் நூலில் இருந்தது, வழக்கில் இல்லை.

நெய்தல் திணையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு போக்குகளில் அமைகின்றன. ஒன்று, கருப்பொருட் பட்டியல். புன்னை, தாழை, ஞாழல், கண்டல், அடும்பு, முண்டகம், நெய்தல் எனப் பெயர்களை அடுக்கி, எத்தனை இடத்தில் வருகின்றன என எண்ணிக் காட்டி நிறைவுறுவது. மற்றொன்று, நிலத்தை மனத்தின் உருவாகக் காண்பது. ஏ.கே.ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் 1967இல் வெளிவந்தபோது அதன் தலைப்பே அகப்பாடலின் நிலத்தை உள்நிலமாகக் காட்டியது. தமிழகத்திற்கு வெளியே சங்கப் பாடல்களைக் கற்பவர்களில் பெரும்பாலோர் இன்றும் அந்நூலின் வழியாகவே நுழைகின்றனர். அப்பார்வை தந்த வெளிச்சம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் ஒரு விளைவு, மணல் என்றால் இரங்கல், கழி என்றால் தடை, புன்னை என்றால் களவின் சாட்சி என்று ஒவ்வொன்றும் உடனே வேறொன்றாகப் பொருள்படத் தொடங்கியது. பட்டியலில் செடிக்கு இடமில்லை. குறியீட்டில் செடிக்கு உடலில்லை. அடும்பு மணலின் எப்பகுதியில் படர்கிறது, புன்னை ஏன் அங்கு வேர்கொள்வதில்லை என்ற வினா இரண்டு போக்கிலும் எழுவதில்லை.

இவ்வினா தாவரவியலார்க்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவதற்கில்லை. பாடலின் பொருளே அதில் தங்கியிருக்கும் இடங்கள் உள்ளன.

நகரும் குன்று

உலோச்சனாரின் குறுந்தொகைப் பாடல் ஒன்றை (குறுந். 248) எடுத்துக்கொள்ளலாம். திருமண நாள் நெருங்கிவிட்டது எனத் தோழி தலைவிக்குக் கூறும் பாடல் அது. தலைவனின் துறை அதில் வருணிக்கப்படுகிறது. கோடைக்காற்று கானலில் மணலைக் கொண்டுவந்து இடுகிறது. பனையின் அடிமரம் புதைகிறது. அடும்பு படர்ந்த மணற்கோடு ஊர்ந்து வர, நெடிய பனைகள் குறியனவாகிவிடுகின்றன. அத்தகைய துறைக்குரியவனைப் பற்றித் தாய் பெரிதாகப் பேசி அறிந்துகொண்டாள் என்று பாடல் முடிகிறது.

குறுகுதல், குறிதாதல், பெரிதாதல் என்னும் மூன்றும் இப்பாடலில் ஒன்றோடொன்று விளையாடுகின்றன. நாள் குறுகுகிறது, பனை குறியதாகிறது, பேச்சு பெரிதாகிறது. காலம் நெருங்கி வருதலைச் சொல்வதற்கு, கண்ணுக்குப் புலப்படாமல் அங்குலம் அங்குலமாக நகரும் மணலைக் காட்டிலும் பொருத்தமான உவமம் அரிது. பனை வெட்டப்படவில்லை, சாயவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிலம்தான் எழுந்து வந்தது. இதனை வெறும் நெய்தற் பின்னணி என்று கடந்து செல்லும் வாசிப்பு பாடலின் நடுநரம்பைத் தவறவிடுகிறது.

மணல்மேடு நகரும் முறையை அறிந்தவர்க்கு இப்பாடலின் ஒரு சொல் வியப்பளிக்கும். மேட்டின் மீது அடும்பு படர்ந்திருக்கிறது. ஆயினும் மேடு ஊர்கிறது. மணலைக் கட்டும் கொடி இருந்தும் மேடு நகர்வது முரணன்றோ எனக் கேட்கலாம். முரண் இல்லை. அடும்பு மணலை அசையாமல் நிறுத்திவிடும் சுவர் அன்று. காற்றின் வேகத்தை அதன் இலைகள் தரைமட்டத்தில் தணிக்க, பறந்துவந்த மணல் அங்கே விழுந்து தங்குகிறது. மணல் மூடிய கொடி மடிவதில்லை. கணுக்கள்தோறும் புதுவேர் விட்டு மேலே ஏறி மீண்டும் படர்கிறது. மேடு உயர உயரக் கொடியும் உயர்கிறது. மேட்டின் மேல் கொடி ஏறிச் செல்வது போன்ற அச்சித்திரம் கண்டு எழுதப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விற்றூற்று மூதெயினனாரின் பாடல் (குறுந். 372) இதனினும் நுட்பமான ஒரு வேறுபாட்டைத் தருகிறது. அதில் இருவகை மணல் வருகின்றன. கடுங்காற்று தொகுத்த நெடிய வெண்குப்பை ஒன்று. பனையின் கருக்கு மடலும் குருத்தும் மறையும் அளவு உயர்ந்தது அது. கடல் எறிந்த நுண்மணற் சேறு படிந்த எக்கர் மற்றொன்று. எக்கரில் குவித்தது காய்ந்து பதம் கொள்வதற்கு முன்பே ஊரில் அலர் எழுந்துவிட்டது என்பது பாடலின் கருத்து. காற்று குவிப்பது குப்பை. கடல் கொணர்வது எக்கர். முன்னது உலர்ந்தது, வெண்மையானது; பின்னது ஈரமானது, சேறு கலந்தது. அலரின் விரைவைச் சொல்ல ஈரமான எக்கரே பயன்படும், உலர்ந்த குப்பை பயன்படாது. ஆனால் உரைகளையும் அகராதிகளையும் புரட்டினால் எக்கர், குப்பை, மணற்கோடு ஆகிய மூன்றிற்கும் ‘மணல்மேடு’ என்ற ஒரே விளக்கம் கிடைப்பதே வழக்கம். சங்கப் புலவர் எல்லா இடத்திலும் இவ்வேறுபாட்டைக் கறாராகப் பேணினர் என்று சொல்வதற்கில்லை. ஒரே பாடலுள் இரண்டையும் அருகருகே வைக்கும் இடத்தில் உரையாசிரியர் அதனைக் காட்டியிருக்கலாம்.

இச்சொற்களின் வேறுபாடு கடற்கரையின் இயல்பான அடுக்கமைப்போடு ஒத்துச் செல்கிறது. அலை எட்டும் எல்லையை அடுத்து உப்பும் காற்றும் மணற்புதைவும் தாங்கும் படர்கொடிகளும் புற்களும் முதலில் வருகின்றன. அடும்பும் இராவணன் மீசை என வழங்கும் முட்புல்லும் இங்கு உரியவை. அவை மணலைச் சேர்த்து முதல் மேட்டை எழுப்புகின்றன. அதன் பின்புறம், காற்றும் உப்புத்துளியும் சற்றுத் தணிந்த இடத்தில் தாழை முதலிய புதர்கள். இன்னும் உள்ளே, நிலைத்துவிட்ட மணலில், புன்னை முதலிய மரங்கள். அங்கே தான் கானல் என்னும் சோலை அமைகிறது. மேட்டிற்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குவதால் கடற்கரை ஊர்களில் மணலைத் தோண்டிக் குடிநீர் எடுக்க முடிகிறது. மேடு போனால் ஊற்றும் உவர்க்கும்.

அம்மூவனாரின் ஞாழற்பத்து (ஐங். 141-150) ஞாழலை எக்கரோடு சேர்த்தே பேசுகிறது. முதற்பாட்டில் செருந்தியும் உடன் மணக்கிறது. ஞாழலைப் புலிநகக்கொன்றை என்பது பரவலான விளக்கம். செருந்திக்குக் கோரைவகை என்றும் மஞ்சட்பூ மரம் என்றும் இரு பொருள் உண்டு. ஞாழலோடு மணம் கமழ மணலில் நிற்பது மரமாகவே இருக்கவேண்டும். அப்பத்தினை வெறும் வாய்பாட்டுத் தொடக்கம் எனக் கருதுவோர் உளர். வாய்பாடே ஆயினும், இன்ன மரம் இன்ன மணலில் என்ற இணைப்பை அவ்வாய்பாடு தலைமுறைகளுக்குக் காத்துத் தந்திருக்கிறது.

தேர் உருளும் ஆமை முட்டையும்

அடும்பினைச் சங்கப் புலவர் கண்ட நெருக்கம் தனித்துப் பேசத்தக்கது. நம்பி குட்டுவன் அதன் பிளவுபட்ட இலையை மானின் அடியோடு ஒப்பிடுகிறார், பூவைக் குதிரை மாலையின் மணியோடு ஒப்பிடுகிறார் (குறுந். 243). நாட்டு வழக்கு அதே இலையை ஆட்டின் காலாகக் கண்டது. 1753இல் லின்னேயசு அச்செடிக்கு இலத்தீனில் இட்ட பெயரின் பொருளும் ஆட்டுப் பாதம் என்பதே. பெயர் சிறிதே திரிந்து அடம்பு எனத் தமிழிலும் மலையாளத்திலும் இன்றும் வழங்குகிறது. சேர நாட்டுக் கரையையும் பாண்டி நாட்டுக் கரையையும் இணைத்து நிற்கும் சொற்களில் இது ஒன்று.

இக்கொடி பாடல்களில் பெரும்பாலும் சிதைவுறும் நிலையிலேயே தோன்றுகிறது என்பது கவனிக்கப்படாத உண்மை. மகளிர் வண்டல் விளையாட்டில் அதன் பூவைக் கொழுதுகின்றனர், குன்றுபோல் உயர்ந்த வெண்மணலில் அதன் கொடியைக் கொய்கின்றனர் (நற். 254). நாரை அதன் மலரைச் சிதைக்கிறது (குறுந். 349). எல்லாவற்றினும் மிகுதியாகத் தலைவனின் தேர் அதனை அறுக்கிறது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதி தொடங்குவதே (ஐங். 101) பசிய அடும்பு அறுபட மேட்டில் ஏறியும் இறங்கியும், நெய்தலை நசுக்கியும் வரும் தேரைத் தோழி தாய்க்குக் காட்டும் காட்சியோடுதான். உரைமரபு இங்கே உள்ளுறை தேடும். அலர் அழிதல், தடை நீங்குதல் என்று பொருள் கூறும். அப்பொருள்கள் தவறல்ல. ஆனால் தாய்க்குத் தேரின் வருகையை மெய்ப்பிக்கும் சான்றாகத் தோழி காட்டுவது மணலில் விழுந்த காயத்தையே. உயர்குடித் தலைவனின் வருகை பரதவர் மணலில் தடம் பதிக்கிறது.

சூழலியல் திறனாய்வு என்ற பெயரில் வரும் சில கட்டுரைகள் சங்கத் தமிழர் இயற்கைக்கு ஊறு செய்யாமல் வாழ்ந்தனர் என்று ஒருமுகமாக முடிவு கூறுவதை இப்பாடல்கள் ஏற்பதில்லை. அக்கட்டுரைகள் விரும்பிக் காட்டுவது நண்டுகள் நசுங்காமல் வலவன் தேரைச் செலுத்தும் உலோச்சனார் பாடலை (நற். 11). அப்பாடலும் உண்டு, அடும்பு அறுபடும் பாடலும் உண்டு. நண்டுக்குக் காட்டிய பரிவைக் கொடிக்குக் காட்டவில்லை என்பதை மறைப்பதால் இலக்கியத்திற்குப் பெருமை சேர்வதில்லை. ஒற்றைத் தேர் அறுத்த கொடி அடுத்த மழையில் கணுவிலிருந்து தழைக்கும். நாள்தோறும் உந்துகள் ஓடும் மேட்டில் அது தழைப்பதில்லை.

இதே எச்சரிக்கை குமுழிஞாழலார் நப்பசலையாரின் அகநானூற்றுப் பாடலுக்கும் (அகம். 160) பொருந்தும். நிறைசூல் ஆமை அடும்பின் கொடி சிதைய இழுத்து, வெண்மணற் குப்பையின் பக்கத்தில் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. குஞ்சு பொரிக்கும் வரை அதன் ஆண் அம்முட்டைகளைக் காக்கிறது என்பது பாடலின் செய்தி. முதற்பாதி நேரிற் கண்டது. பங்குனி ஆமைகள் இன்றும் தமிழகக் கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் அலை எட்டாத மணலில், கொடிகளின் விளிம்பில் குழிதோண்டி முட்டையிட்டு மூடிச் செல்கின்றன. பிற்பாதி கண்டது அன்று. ஆண் கடலாமை கரையேறிக் காவல் காப்பதில்லை; தாயும் முட்டையிட்டவுடன் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. காக்கும் கணவன் அப்பாடலுக்குத் தேவைப்பட்டான். வரைவுக்குக் காத்திருக்கும் தலைவியின் நம்பிக்கை அவனை உருவாக்கியது. பாடலில் உள்ள அனைத்தும் அறிவியல் உண்மையே என நிறுவ முயல்பவர்கள் இங்கே இடறுவர்; இடறியபின் முதற்பாதியின் துல்லியத்தையும் எவரும் நம்பாத நிலை ஏற்படும். எது கண்டது, எது வேண்டியது எனப் பிரித்துக் காட்டுவதே திறனாய்வின் பணி.

முண்டகம் எங்கு வளரும்

செடிகளை அடையாளம் காணும் முயற்சியில் பி.எல்.சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ என்னும் நூலும், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட கு.சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் நூலும் அடிப்படையானவை. ‘ஒரு மரம்’, ‘ஒரு கொடி’ என்று நின்றுவிட்ட பழைய குறிப்புகளுக்கு அவை உருவம் தந்தன. ஆயினும் இரண்டும் பெயருக்குப் பெயர் காணும் முறையில் அமைந்தவை. ஒரு சங்கப் பெயர், ஒரு தாவரவியற் பெயர். அச்செடி நிற்கும் இடத்தையும் அதன் அண்டைச் செடிகளையும் கொண்டு பெயரைச் சோதிக்கும் முறை இன்னும் வளரவேண்டியுள்ளது.

முண்டகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அகராதிகள் இச்சொல்லுக்குத் தாமரை, தாழை, நீர்முள்ளி, கழிமுள்ளி எனப் பல பொருள் தருகின்றன. நான்கும் நான்கு இடங்களில் வளர்பவை. தாமரை நன்னீர்க் குளத்திற்கு உரியது. தாழை மணலுக்கும் நீரோரத்திற்கும் உரியது. நீர்முள்ளி வயலோர ஈரத்திற்கு உரியது. கழிமுள்ளி உவர்ச் சேற்றிற்கு உரியது. குன்றியனாரின் பாடலில் (குறுந். 51) வளைந்த முள்ளையுடைய முண்டகத்தின் பூக்கள் நூலறுந்த முத்துகளைப் போலக் காற்றில் சிதறித் தூய மணலையுடைய துறைகள்தோறும் பரவுகின்றன. மணல் வருவதால் முண்டகத்தை மணல்மேட்டுச் செடி எனக் கொள்ளத் தோன்றும். முத்து என்றதால் சிறிய வெண்பூ எனக் கொள்ளவும் தோன்றும். இரண்டும் அவசர முடிவுகள். உவமம் நிறத்தைப் பற்றியதன்று, சிதறலைப் பற்றியது. பூ விழுந்த இடம் மணலே தவிரச் செடி நின்ற இடம் மணல் என்று பாடல் கூறவில்லை. கழியை அடுத்த துறையில் காற்று பூவை மணலுக்குக் கொண்டுசெல்வது இயல்பு. அம்மூவனார் (குறுந். 49) முண்டகத்தை நீலமணி நிறக் கடல்நீரோடு சேர்த்துக் கூறுவதும் நீரோர வாழ்வையே காட்டுகிறது. எனவே கழிமுள்ளி என்ற விளக்கமே ஏற்புடையது.

இது சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடும் செய்தியன்று. ‘நெய்தல் நிலச் செடிகள்’ என்ற பெயரில் கழிக்குரிய கண்டலையும் முள்ளியையும், மணலுக்குரிய அடும்பையும் புன்னையையும் ஒரே பட்டியலில் வைக்கும் வழக்கம் உரைமரபிலிருந்து பாடநூலுக்கும், பாடநூலிலிருந்து மரநடுவிழாவிற்கும் வந்து சேர்ந்துள்ளது. கழிச்செடியை உலர்மணலில் நட்டால் பிழைக்காது. மேட்டின் முகப்பில் நடவேண்டியது மரமும் அன்று, கொடியும் புல்லுமே.

சவுக்கும் சட்டமும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரைக்கு உயிர்வேலி அமைக்கும் பணி தமிழகக் கரை நெடுகிலும் விரைந்து நடந்தது. அதில் பெரும்பங்கு சவுக்கிற்குச் சென்றது. விரைவில் வளர்வது, விறகும் கட்டுமானக் கழியும் தருவது, கன்று எளிதிற் கிடைப்பது எனச் சவுக்கிற்குச் சார்பான காரணங்கள் உண்மையானவை. கடலோர உழவர் பலருக்கு அது வாழ்வாதாரமும் ஆகும். சிக்கல் மரத்தில் இல்லை, இடத்தில் உள்ளது. வெயில் விரும்பும் அடும்பின் மீதும் முட்புல்லின் மீதும் அடர்ந்த தோப்பு நிழல் விழுகிறது. உதிர்ந்த ஊசியிலை தடித்த படுக்கையாகிறது. அடியில் வேறொன்று முளைப்பது அரிதாகிறது. ஆமை தோண்டும் மணல்வரை தோப்பு நெருங்கினால் முட்டையிடும் இடமும் குறைகிறது. ஒடிசாக் கரையிலும் இவ்வாறு நேர்ந்தது பற்றிச் சூழலியலாளர் எச்சரித்துள்ளனர். பேரலையின் உட்புகவைத் தணித்தவற்றுள் கரையின் உயரத்திற்கும் மணல்மேட்டிற்கும் இருந்த பங்கினை ஆய்வுகள் சுட்டிய பின்னரும், மேட்டைக் காப்பதைவிட மேட்டின்மேல் மரம் நடுவதே பாதுகாப்பு எனக் கருதப்பட்டது.

சட்டத்தின் போக்கும் நோக்கத்தக்கது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைச் சீர்செய்வதையும் மாற்றுவதையும் தடைசெய்தது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கை மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த முதல் வகையில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையும் அவ்வாறே வைத்துள்ளது. எழுத்தளவில் இது பெரிய காப்பு. ஆயினும் இவ்விதிகளின் பார்வை பெரும்பாலும் மேட்டின் வடிவத்தின் மீதே உள்ளது. மேடு என்பது மணலும் கொடியும் காற்றும் சேர்ந்து நிகழ்த்தும் செயல் என்பதை உலோச்சனாரின் பாடல் அறிந்திருந்த அளவுக்கு ஆவணங்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. நகர்வது மேட்டின் இயல்பு என்றால், ஓராண்டின் வரைபடத்தில் குறித்த கோட்டினுள் அதனை நிறுத்திவைக்க இயலாது. பின்னால் அது நகர்வதற்கும் இடம் விடவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எழுந்த மதிற்சுவர்கள் பல இடங்களில் அவ்விடத்தை மூடிவிட்டன.

காப்பு என்பதற்கு வேலியிட்டு மக்களை விலக்குதல் என்று பொருள் கொள்வதும் நெய்தலுக்குப் பொருந்தாது. வலையும் மீனும் உலர்த்தப் பரதவர்க்கு மணல் வேண்டும். புதுமணலில் மீன் உணக்கும் சேரியையும், அதனருகே புலால் நாறும் புன்னையையும் உலோச்சனார் ஒரே காட்சியில் வைக்கிறார் (நற். 63). புன்னையின் பூமணமும் மீன்நாற்றமும் அங்கே ஒன்றையொன்று விரட்டவில்லை. மேட்டைச் சமனாக்கி விடுதி எழுப்புவதும், மேட்டின் சரிவில் கருவாடு காயவைப்பதும் ஒரே ‘மனிதத் தலையீடு’ என்ற சொல்லுக்குள் அடங்கா.

புன்னையைத் தமக்கையாகக் கூறும் நற்றிணைப் பாடல் (நற். 172) சுற்றுச்சூழல் மேடைகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த செய்தி அங்கே தவறாமல் சொல்லப்படும். அதற்கு முந்தைய செய்தி பெரும்பாலும் விடுபடும். அப்புன்னையை எவரும் நடவில்லை. சிறுமியர் விளையாட்டில் வெண்மணலில் விதையை அழுத்தினர், மறந்தனர், விட்டுச் சென்றனர். அது தானே முளைத்தது. பேணுதல் முளைத்த பிறகு வந்தது. விதை விழுந்து மறக்கப்படுவதற்கு, கலைக்கப்படாத மணல் முதலில் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட மணலின் எச்சங்கள் கோடியக்கரைப் பகுதியில் இன்னும் உள்ளன. அங்கு மணல்வரப்புகளின்மேல் உலர் பசுமைமாறாக் காடு நிற்கிறது. 1967இல் அது காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் சங்கப் பாடல்களை மணல்மேட்டின் முழுமையான பதிவேடாகக் கொள்வதற்கில்லை. பாடல் கண்டவை பூவாலோ நிழலாலோ முள்ளாலோ மாந்தர் வாழ்வில் குறுக்கிட்டவை மட்டுமே. கூந்தலில் சூட முடியாத, தேரைத் தடுக்காத சிறு படர்பூண்டுகள் அதில் இடம்பெறவில்லை. இராவணன் மீசை என்ற பெயரே இதிகாசக் கதையிலிருந்து வந்த வழக்கு. அப்பெயர் சங்க நூல்களில் இல்லை. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோஃபிலாக்ஸ் மாரிடிமா என்னும் சிறு கொடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அலையோர மணலில் மட்டுமே தழைந்து படர்வது. மேடு சமனாகும்போது முதலில் மறைவதும் இத்தகையவையே. அதனைக் கருப்பொருளாக எந்த உரையும் குறிக்கவில்லை. நெய்தல் நிலத் தாவரங்களுக்குப் புதிய சொல்லடைவு செய்வோர் பாடல்களிலிருந்து எடுக்கும் பெயர்களோடு, வலை உலர்த்தும் மணலில் இன்று வழங்கும் பெயர்களையும் ஊர் ஊராகக் கேட்டு, ஒவ்வொன்றும் எக்கரில் வளர்வதா, குப்பையில் வளர்வதா, கானலில் வளர்வதா என்ற குறிப்போடு சேர்க்கவேண்டியிருக்கும்.